பூட்டியிருக்கிறாயா என்று கேட்டேன்

சந்தனத்தைத் துடைத்தது நான்தான். ஈரத்துணியால் துடைத்ததும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையோ மறைத்துவைத்து அவர்கள் கண்டுபிடித்துவிட்ட மாதிரி, அந்தக் கல்லூரியில் ஆளாளுக்கு என்னிடம் இதையேதான் கேட்டார்கள். கேட்ட எல்லோரிடமும் ஆமாம் என்றேன். அதற்குமேல் என்ன வேண்டுமாம் அவர்களுக்கு?

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் எனக்கு வேலை. காலையில் லேபைத் திறப்பேன். மேசைதோறும் வயர்களை எடுத்து வைப்பேன். பிள்ளைகள் தப்பாக இணைத்ததைப் பிடுங்கி மறுபடி இணைப்பேன். சாயங்காலம் எண்ணி எடுத்துப் பூட்டுவேன். நான் டிப்ளமோக்காரி. எனக்கு மேலே இருப்பவர்கள் எல்லோரும் பேர் முன்னால் டாக்டர் போட்டவர்கள். கெட்டுப்போன ப்ரோபை, அதுதான் அளக்கிற வயரை, ஈயம் வைத்துப் பற்றவைக்க மட்டும் அந்த டாக்டர்களுக்கு டிப்ளமோக்காரி வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். ஆறு வருஷம் அப்படியே ஓடியிருந்தது.

லேபில் பழைய ஆசிலாஸ்கோப் எட்டு உண்டு. மின்னலையைத் திரையில் வரைந்து, அதன் உயரம் என்ன, வேகம் என்ன என்று அளந்து காட்டுகிற கருவி. அவற்றின் குமிழ்களைத் திருகித் திருகிப் பிள்ளைகள் மொட்டையாக்கி வைத்திருந்தார்கள். ஒன்பதாவதாக ஒன்று, பெரியது, புதியது, வந்தது. அதைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று துறைத் தலைவர் உத்தரவு. தனி மேசை, மேலே துணி உறை. யாராவது பார்வையிட வந்தால் உறை கழலும். அவர்கள் போனதும் மறுபடி மாட்டிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் நவராத்திரி முடியும்போது புத்தகங்களையும் வேலைக் கருவிகளையும் பூஜையில் வைப்பார்கள். விஜயதசமி அன்று பூஜை எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை. கல்லூரியிலும் அப்படித்தான். ஒன்பதாவது ஸ்கோப்புக்குத்தான் அங்கே முதல் இடம். ஆபீஸ் வேலைக்குத் திருப்புறத்திலிருந்து வருகிற அக்கா ஒருவர் விளக்கு வைத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து எல்லாம் செய்வார். பூ என் வீட்டு வேலியிலிருந்து போகும். என் ஊரான கொல்லயிலில் எங்கள் வேலி முழுக்கத் தெச்சி, அதாவது இட்லிப்பூ. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆறு வருஷமும் ஒரு பை நிறையத் தெச்சிப்பூ பறித்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். இதில் பேச என்ன இருக்கிறது என்று அப்போது கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் பூஜை எடுத்த மறுநாள் முதல் ஆளாக லேபுக்கு வந்தேன். சந்தனம் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. மேலே காற்றுப் போகிற துளைகளின் ஓரத்தில் குங்குமத் தூள். வழக்கம்போலத் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து துடைத்தேன். சுவிட்சைப் போட்டேன். திரை வந்தது. பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. குமிழைத் திருகினால் அலை அசையவில்லை. அணைத்துப் போட்டேன், பிளக்கையே பிடுங்கிப் போட்டேன், அதே கதைதான். நேராகப் போய்த் துறைத் தலைவரிடம் நானே சொன்னேன். நல்ல புத்தி எனக்கு!

அவர் வந்தார். ஒரு விரலால் ஒவ்வொரு பட்டனாக அமுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆரு தொடச்சது?"

"நான்தான் சார்."

"வெள்ளம் தொட்டா?"

"தண்ணில நனச்சுப் பிழிஞ்ச துணி சார். மேல மட்டும்தான்."

"அப்பம் வெள்ளம் உள்ள போயிற்று," என்றார். பட்டன் பக்கமே துணி போகவில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. சாயங்காலமே மெமோ வந்தது. கவனக்குறைவால் கல்லூரியின் உடைமையைச் சேதப்படுத்தியதற்கு ஏழு நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும். விசாரணை முடியும்வரை அந்தக் கருவியைத் தொடக்கூடாது. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. சேதப்படுத்தினாள் என்று ஃபைலில் ஏறிவிட்டால் இங்கே புதுப்பிக்க மாட்டார்கள். இந்த வட்டாரத்தில் வேறு எந்த லேபும் என்னை வாசல்படி ஏற்றாது. லேபில் வேலை செய்கிறவளுக்குக் கையில் நிதானம் இல்லை என்று பேர் வந்தால் தீர்ந்தது.

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அக்கா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மக்கா, ஒண்ணு சொல்லுவேன். நீ வெப்ராளப்பட்டு மனசக் கெடுக்கக்கூடாது, கேட்டியா."

"சொல்லுங்க அக்கா."

"கேன்டீன்ல ஆளுவ பேசுதாவ. சந்தனத்தக் கண்டா அவளுக்குப் பொறுக்காது, வேணும்னே தண்ணிய விட்டுத் தொடச்சிட்டாண்ணு."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? எல்லாரும்தான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"நான் சொன்னேன், சந்தனம் வச்சது நானாக்கும், மேல ஒரு பொட்டு, பூ கொண்டுவந்தது அவளாக்கும்ணு. கேக்க ஆளு வேண்டாமா? சிரிச்சுட்டுப் போறானுவ."

மெமோகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இந்தப் பேச்சுதான் நெஞ்சில் கிடந்து எரிந்தது. கவனமில்லாதவள் என்று சொன்னால் சண்டை போடலாம். மனசுக்குள் விஷம் வைத்திருக்கிறாள் என்று சொன்னால் மனசைத் திறந்தா காட்ட முடியும்? யாரிடம் போய்க் காட்டுவது?

வீட்டில் என் கணவர் வேறு விதம். தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் வேலை பார்த்து வருகிறவர். எந்த வம்பும் வேண்டாம் என்பதுதான் அவருடைய மதம்.

"மன்னிக்கணும்ணு நாலு வரி எழுதிக் குடு. தீந்துபோகும். என்னதுக்கு இந்தப் பாடு?"

"செய்யாததுக்கு மன்னிப்பு எழுதணுமா? நீங்க எழுதுவியளா?"

"எனக்க வேலைன்னா நான் எழுதுவேன்."

"அப்பம் நீங்களே எழுதுங்க. உங்க பேரப் போட்டு எழுதுங்க."

அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். நான் எழுதவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஸ்கோப்பின் பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கேபிள் சுவரோரமாக வந்து, நான் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரில் சொருகியிருந்தது. அது எப்போது இழுத்தது என்பது எனக்கு உடனே ஓர்மை வந்தது. பூஜை வைப்பதற்கு முந்தின நாள் வெளியிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்திருந்தது. துறைத் தலைவர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்ட, ஸ்கோப்பில் கை வைக்காமலே அலை பெரிதாகியது, சின்னதாகியது, நகர்ந்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நாங்களும்தான் பிளந்தோம். அதற்குள் சாப்பாடு ரெடி என்று ஆள் வர, அவர்கள் எழும்ப, இவரும் ப்ரோகிராமைப் பாதியில் மூடிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். வயர்கூடக் கழற்றாமல் ஸ்கோப் தன் மேசையிலேயே அப்படியே பூஜைக்கு இருந்தது.

கருவியைத் தொடக்கூடாது என்றுதான் எனக்கு எழுதித் தந்திருந்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று ஒருவரும் எழுதவில்லை. ஸ்கோப்பை அன்றிலிருந்து யாரும் அணைக்கவும் இல்லை, திரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

அலமாரியைத் திறந்தேன். ஸ்கோப்போடு வந்த கையேடுகளில் இரண்டாவது புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பிரித்தேன். கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு எப்படிக் கட்டளை அனுப்புவது என்பதுதான் முழுப் புத்தகமும். ஒவ்வொரு பட்டனுக்கும் பதிலாக ஒரு சொல். சொல்லை மட்டும் அனுப்பினால் அது செய்யும். கடைசியில் கேள்விக்குறி போட்டு அனுப்பினால் பதில் சொல்லும். இவ்வளவுதான். இதற்கா அன்று எல்லோரும் வாயைப் பிளந்தோம்?

முதலில் நீ யார் என்று கேட்கிற கட்டளையை அனுப்பினேன். பதில் இல்லை. நேரம் கடந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது. மறுபடி அனுப்பினேன். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து அனுப்பினேன். "சவமே, வாயத் தொற!" என்று சத்தமாகவே சொன்னேன். ஒன்றுமில்லை. அன்றைய மத்தியானம் அப்படிப் போனது. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ, தண்ணீர் உள்ளே போய்விட்டதோ என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள்தான் கையேட்டில் அந்த வரி கண்ணில் பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் கடைசியில் முடிந்தது என்று ஒரு குறி சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று கருவி காத்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் போனில் பேசி முடித்தாலும் "அப்பம் வைக்கட்டா" என்று சொல்லாமல் யாரும் வைப்பதில்லையே, அதே மரியாதையைத்தான் அதுவும் எதிர்பார்த்திருக்கிறது. நான்தான் சொல்லவில்லை. குறியைச் சேர்த்து அனுப்பினேன்.

கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. செய்த கம்பெனி, மாடல், வரிசை எண். ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்து விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தேன். அதேதான். நான் அழுதுவிட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அழுகை நின்றதும் கோபம் வந்தது. கோபத்தில்தான் எனக்குத் தலை நன்றாக வேலை செய்யும். பார்வையிட வந்த அன்று மாட்டிய ப்ரோப், கருவியின் முகப்பில் இருக்கிற சோதனை முனையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முனையிலிருந்து எப்போதும் நொடிக்கு ஆயிரம் அலை வரும். எத்தனை அலை என்று கேட்டேன். ஆயிரம் என்றது. தண்ணீர் குடித்த கருவி இப்படி அட்சரம் பிசகாமல் அளக்குமா? உன்னையே நீ சோதித்துச் சொல் என்று அடுத்த கட்டளை. அதற்குச் சற்று நேரம் எடுத்தது. நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பூஜ்யம் என்று வந்தது. கோளாறு எதுவும் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று கையேட்டில் இருந்தது.

அப்படியானால் பட்டன் ஏன் வேலை செய்யவில்லை? பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது யாரும் குறுக்கே கை வைக்காமலிருக்க முன்பக்கப் பட்டன்களையெல்லாம் பூட்டிவைக்க ஒரு கட்டளை உண்டு என்று இருந்தது. பவரை அணைத்தாலும் அந்தப் பூட்டு அழியாது என்று அதன் கீழேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கட்டளைக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டேன். பூட்டியிருக்கிறாயா?

ஒன்று என்று பதில் வந்தது. ஒன்று என்றால் ஆமாம்.

துறைத் தலைவர் அன்று ஓட்டிய ப்ரோகிராம் அதே கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது. திறந்தேன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. மூன்றாம் வரியில் பூட்டு. கடைசி வரியில் திறப்பு. சாப்பாட்டுக்கு எழும்பியபோது பாதியில் மூடினாரே, அந்தக் கடைசி வரி ஓடவே இல்லை. அது பூட்டோடு பூஜையில் இருந்து, பூட்டோடு என் கையில் விழுந்திருக்கிறது.

ஒரு வரி அடித்தால் பூட்டுத் திறந்துவிடும். விரல் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. இப்போது நான் திறந்துவிட்டால் என்ன சொல்வார்கள்? ஈரம் காய்ந்துவிட்டது, தானாகச் சரியாகிவிட்டது என்பார்கள். துடைத்துக் கெடுத்தவள் என்ற பேர் அப்படியே நிற்கும். நான் திறக்கவில்லை. விளக்கக் கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். என் விளக்கத்தை லேபில், கருவியின் முன்னால் தருகிறேன்.

விசாரணைக்கென்று லேபுக்குப் பிரின்சிபல் மேடம் வந்தார். துறைத் தலைவர் வந்தார். சாட்சி சொல்ல அந்த அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எழும்பவில்லை. கருவியிலிருந்து பத்தடி தள்ளி இருந்தேன், அதை அவர்கள் பார்க்கட்டும் என்று.

"சார், பட்டன அமுக்கிப் பாருங்க," என்றேன். அமுக்கினார். அசையவில்லை. "பாத்தியளா மேடம், போயாச்சு," என்றார் அவர்.

நான் கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பினேன். அலை பெரிதானது. சின்னதானது. இடமிருந்து வலமாக நகர்ந்தது. அக்கா "எனக்க அம்மோ" என்று வாயில் கை வைத்தார். சோதனைக் கட்டளையை அனுப்பினேன். பூஜ்யம் வந்தது.

"பூஜ்யமோ? அப்பம் ஃபெயில் அல்லே?" என்றார் பிரின்சிபல் மேடம்.

"பரீட்சைலதான் மேடம் பூஜ்யம்னா ஃபெயில். உனக்க உள்ள கோளாறு உண்டான்னு இதுகிட்ட கேட்டேன். இல்லன்னு சொல்லுது." அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. துறைத் தலைவர் முகத்தில் வரவில்லை.

பூட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். ஒன்று. ப்ரோகிராமைத் திறந்து மூன்றாம் வரியைக் காட்டினேன். கடைசி வரியைக் காட்டினேன். கடைசியாக அது ஓடிய தேதியைக் காட்டினேன். யார் ஓட்டியது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் அன்று அங்கே இருந்தவர்கள்தானே.

"அது சாரமில்ல மேடம், விட்டுருங்க," என்றார் துறைத் தலைவர். "சாஃப்ட்வேர் பிரச்சினை. இதுல யாருக்க தப்பும் இல்ல."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. "இந்நேரம் வர எனக்க தப்பு. சாருக்க பக்கம் திரும்பினதும் யாருக்க தப்பும் இல்லியா?"

துறைத் தலைவர் ஸ்கோப் பக்கம் கையைக் காட்டினார். "சரி, அந்த லாக்க எடு," என்றார் அவர்.

நான் கீபோர்டை அவர் பக்கமாக நகர்த்தினேன். "சார் போட்ட பூட்டு. சாரே எடுங்க."

பிரின்சிபல் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு வேறு வழி இல்லை. குனிந்து நின்று எதையோ அடித்தார். ஸ்கோப் அசையவில்லை. வேறு மாதிரி அடித்தார். அதுவும் இல்லை. கழுத்தில் வியர்வை. நான் வாயைத் திறக்கவில்லை. இரக்கம் வந்தது உண்மை. ஆனாலும் திறக்கவில்லை.

கடைசியில் என் பக்கம் திரும்பாமலே, "என்ன அடிக்கணும்?" என்றார்.

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அடித்தார். நிமிர்ந்து போய்ப் பட்டனை அமுக்கினார். திரையில் மெனு விரிந்தது.

"விஷயம் முடிஞ்சு கழிஞ்சுதல்லோ. மெமோவ விட்டேரு," என்று பிரின்சிபல் மேடம் கிளம்பப் பார்த்தார்.

"வாயால விட்டா போராது மேடம். எழுதித் தந்ததாக்கும். எழுதித்தான் எடுக்கணும்."

ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கருவி இயங்குகிறது, விஷயம் முடிக்கப்படுகிறது என்று இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். கருவி இயங்குவது எனக்குத் தெரியாதா? நான் துடைத்ததால் சேதம் வரவில்லை என்று அதில் இருக்க வேண்டும் என்றேன்.

"ஒரு வரிக்கா இவ்வளவு வாசியும் வீம்பும்?" என்றார் துறைத் தலைவர்.

"ஆமா சார். அந்த ஒரு வரியாக்கும் எனக்கு வேண்டியது."

என் பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. ஆபீஸ் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவைப் பூட்டுகிற நேரத்தில் கடிதம் வந்தது. நான் துடைத்ததால் கருவிக்கு எந்தச் சேதமும் ஏற்படவில்லை என்று தனி வரியாக, கையெழுத்தும் முத்திரையும் போட்டு. ஆங்கிலத்தில்.

வீட்டில் அதைப் பார்த்த என் கணவர், "ஜெயிச்சாச்சு இல்லியா? இனி பத்திரமா உள்ள வச்சுடு," என்றார். உள்ளே வைப்பதற்கா நான் இரண்டு பஸ்ஸை விட்டேன்? இந்தக் காகிதம் ஃபைலுக்குப் போகும். கேன்டீனில் சிரித்தவன் எவன் ஃபைலைப் பார்க்கப் போகிறான்? அவர்கள் பேசியது ஆங்கிலத்தில் இல்லை.

மறுநாள் மத்தியானம் கேன்டீன் நிறைந்திருந்தது. நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. நடு மேசைக்குப் பக்கத்தில் எழும்பி நின்று, கடிதத்தை விரித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சத்தமாகச் சொன்னேன். துடைத்ததால் சேதம் இல்லை என்ற வரியை எல்லோரும் கேட்க நிறுத்திச் சொன்னேன். ஸ்பூன் சத்தம் நின்றது. சிலர் சாம்பாரைப் பார்த்தார்கள். ஒருவன் போனை எடுத்துக்கொண்டான். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "மதி மக்கா, போதும். எல்லாரும் கேட்டாச்சு. இருந்து சோறு தின்னு."

அப்போதுதான் துறைத் தலைவரும் வேறு இரண்டு பேரும் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார்கள். அவர்கள் உட்காரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன்.